எனக்குக் கீழே இரண்டு சில்லு

நாங்கள் விழுந்தது ஓடிக்கொண்டிருக்கும்போது அல்ல. ஹன்ற்ஸ்வில்லுக்குக் கிட்ட ஒரு காஸ் ஸ்ரேஷனில், நிற்கப்போகிற நேரத்தில் விழுந்தோம். இவர் பிறேக் பிடித்து இடது காலை நிலத்தில் ஊன்றினார். ஊன்றின இடத்தில் மணல் கிடந்ததோ, முழங்கால்தான் மடங்கியதோ, இன்றைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மோட்டார்சைக்கிள் மெல்ல, மிக மெல்ல, இடது பக்கம் சரிந்தது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் இவருடைய குரல் கேட்டது.

"விழப்போறம். காலை மேல எடும்."

வீட்டில் பால் முடிந்துபோய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

பெரிய விழுகை இல்லை. பக்கவாட்டில் இரும்புக் காவல் பூட்டியிருந்தபடியால் கால் நசியவில்லை. நான் முழங்கை அடிபட விழுந்தேன், இவர் இடுப்படிபட. ட்ரக் ஓட்டுகிற இரண்டு பேர் ஓடிவந்து, ஒருவர் கைப்பிடியிலும் மற்றவர் பின்பெட்டியிலும் பிடித்து அதை நிமிர்த்திவிட்டார்கள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, "நோகுதோ?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். நொந்தது.

மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை. அடுத்த நாள் காலமை எனக்கு வேலை. முதியோர் இல்லத்தில், ஆட்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுகிற வேலை. அந்த முழங்கையோடு அன்றைக்கு நான் தாங்கிப்பிடித்த ஒவ்வொருவரும் இரண்டு ஆள் பாரம் இருந்தார்கள்.

இவருக்கு அதற்கு முந்தின மாரிக் குளிருக்குள்தான் இடது முழங்காலை மாற்றியிருந்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், கார் ஓடலாம். சத்திரசிகிச்சை செய்த டொக்டர் மோட்டார்சைக்கிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் காலுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நிற்கும்போதுதான். எங்களுடையது தூரப் பயணத்துக்கென்று செய்த பெரிய மோட்டார்சைக்கிள். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னுக்கு இன்னொரு பெட்டி, எனக்கு முதுகு சாயக் கதிரைபோல ஒரு சீற். அதோடு நாங்கள் இரண்டு பேர். அவ்வளவு பாரமும் சரியத் தொடங்கினால் தாங்குவது ஒரு கால்தான். அந்தக் கால் இனித் தாங்காது.

விற்றுவிட்டுப் போகலாமே என்று யாரும் கேட்பார்கள். மகளும் கேட்டாள். அவள் யூனியன்வில்லில் இருக்கிறாள். நாங்கள் விழுந்ததைக் கேள்விப்பட்டதும் போன் எடுத்தாள்.

"அம்மா, ஜஸ்ற் செல் இற். அப்பாவுக்கு சிக்ஸ்ரி வன். உங்கட முதுகும் சரியில்லை. ஏன் உது இனி?"

ஏன் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே எழுதுவது சுகம்.

இவர் வீட்டில் கதைக்கிற ஆள் இல்லை. கோபமோ வெறுப்போ ஒன்றுமில்லை, அப்படித்தான். வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் காலம் முழுக்க ஃபோர்க்லிஃப்ற் ஓடினவர். அந்தச் சத்தத்துக்குள் வாய் திறந்து பிரயோசனம் இல்லை என்று பழகிவிட்டாரோ என்னவோ. நான் வேலைக்குப் போகும்போது இவர் வேலை முடிந்து வருவார். சாப்பாடு எங்கே, பில் வந்ததோ, கராஜ் கதவு பூட்டியாச்சோ, இவ்வளவுதான் எங்கள் கதை. பிள்ளைகள் இருந்தவரைக்கும் அது தெரியவில்லை. சின்னவன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு வீடு விறாந்தையிலிருந்து குசினி வரைக்கும் சத்தமில்லாமல் கிடந்தது.

அந்த வருசம்தான் இவர் இந்த மோட்டார்சைக்கிளை வாங்கினார். எனக்கு விசர் வந்தது. இரண்டு கிழமை நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா ஒருக்கால் ஏறிப் பாரும் என்று சொல்லி, மைக் பூட்டின ஒரு ஹெல்மெட்டைத் தந்தார். பிக்கரிங் தாண்டினதும் கதைக்கத் தொடங்கினார்.

முகம் பார்க்கத் தேவையில்லை என்பதால் இருக்கலாம். எனக்கு முன்னால் இவருடைய முதுகு மட்டும். காதுக்குள் இவருடைய குரல். தொழிற்சாலையில் இவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் அப்படியே சாய்ந்து இறந்துபோனதை சட்பரிக்குப் போகிற வழியில்தான் முதன்முதல் சொன்னார். அது நடந்து பல வருசம். அன்றைக்கும் இவர் வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். நான் வழக்கம்போலக் கோப்பை கழுவியிருப்பேன். மரங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் பின்னாலிருந்து இவருடைய ஜக்கெற்றைப் பிடித்தபடி, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீர் களைச்சுப் போய் வருவீர்," என்றார்.

ஆகவே விற்பது என்றால் எதை விற்பது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் விழுந்த பிறகு வந்த அந்த மாரி முழுக்க இவருக்கு வீடியோதான். வேலையால் வந்து கதவைத் திறந்தால், ஒரு அமெரிக்கக் கிழவரின் குரல் பின்சில்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மோட்டார்சைக்கிளின் பின்சில்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு சில்லைப் பூட்டி மூன்று சில்லு வண்டியாக மாற்றுகிற கிட் பலவகையாக விற்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நின்றால் விழாது. கால் ஊன்றவே தேவையில்லை.

"அப்ப ஓட்டோதானே," என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. "ஓட்டோவுக்கு முன்னுக்கு இப்பிடி இல்லை," என்றார்.

"இவ்வளவு தூரம் வந்து கடைசியில ஓட்டோ ஓடப்போறியள்."

பகிடிக்குத்தான் சொன்னேன். அன்றைக்கு முழுக்க முகம் தொங்கிப்போய் இருந்தார். அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

ஒரு விதக் கிட்டில் இரண்டு பின்சில்லும் ஒரே அச்சில் இருக்கும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து ஆடும். இன்னொரு விதத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி ஸ்பிறிங். அதில் முன்சில்லுக் கம்பியின் சாய்வையும் மாற்றித் தருவார்கள், கைக்குப் பாரம் குறையும். மூன்றாவது விதத்தில்தான் இவருடைய மனம் கிடந்தது. அதில் பின்சில்லைக் கழற்றத் தேவையில்லை. அதன் இரண்டு பக்கமும் இரண்டு சின்னச் சில்லைப் பூட்டிவிடுவது, சின்னப் பிள்ளையின் சைக்கிளுக்குப் பூட்டுகிற மாதிரி. வேண்டாம் என்றால் கழற்றலாம்.

"கழட்டலாம்" என்ற அந்தச் சொல்லை அந்த மாரியில் எத்தனை தரம் கேட்டேன் என்று சொல்லத் தெரியாது. கால் சரியாக வந்தால் கழட்டலாம். விக்கிறதெண்டாலும் கழட்டிப்போட்டு விக்கலாம். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு ஓம் ஓம் என்பேன். எனக்கு எதுவென்றாலும் சரி. ஒரு முடிவு வந்தால் காணும். பகலில் பத்துப் பேரின் முடிவை நான் எடுக்கிறேன், யாரை முதலில் குளிப்பாட்டுவது, யாரைச் சாப்பிட எழுப்புவது என்று. வீட்டுக்கு வந்தும் சில்லைப் பற்றி யோசிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பனி கரைந்ததும் ஒஷாவாவுக்கு அங்கால் இருக்கிற ஒரு கடைக்கு, ஹெல்மெட்டுகளையும் எடுத்துக்கொண்டு, காரில் போனோம். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் கணவரும் நடத்துகிற கடை. அந்தப் பெண்மணிக்கு என் வயதிருக்கும். காலுக்குப் புதுச் சப்பாத்து போட்டுக் கடிவாங்கியிருந்தார். எங்களோடு கதைக்கும்போதே ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதியைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

இவர் கழற்றக்கூடிய கிட்டைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கமாகக் கேட்டார். அவர் அதையும் விற்கிறவர்தான். நல்ல சாமான் என்றார். ஆனால் மேடுபள்ளமான இடத்தில் நிற்கும்போது பக்கத்துச் சில்லுகள் இரண்டும் மேட்டில் ஏறிவிட்டால், நடுச்சில்லு நிலத்தில் படாமல் சும்மா சுற்றும் என்றும் சொன்னார். வண்டியை ஓட்டுவது அந்த நடுச்சில்லுதான்.

"எப்பவும் இல்லைத்தானே?" என்று இவர் கேட்டார்.

"எப்பவும் இல்லை. எப்போதாவது."

"கழட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கனநேரம் எடுக்காது," என்றார் அந்தப் பெண்மணி. பிறகு சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டே, "ஆனால் கழற்றுவதற்கென்று யாரும் திரும்பி வந்ததில்லை," என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். இவர் கண்ணாடிக்கு வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

ஓடிப் பார்ப்பதற்கென்று அங்கே இரண்டு வண்டி வைத்திருந்தார்கள். ஒன்று ஒரே அச்சுக்காரன், மற்றது தனித்தனி ஸ்பிறிங். முதலில் ஒரே அச்சில் ஏறினோம். கடை வாசலில் வலது பக்கம் திரும்ப வேண்டும். இவர் வழக்கம்போல உடம்பைச் சரித்தார். இரண்டு சில்லென்றால் அதுவே திரும்பிப் போயிருக்கும். இது சரியவில்லை. நேரே போய் வீதியின் மறுகரையில் புல்லுக்குள் ஏறி நின்றது. நல்லகாலம், எதிரே ஒரு வாகனமும் வரவில்லை.

காதுக்குள் இவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"கார் மாதிரித் திருப்ப வேணும்போல," என்றேன்.

"தெரியும்," என்றார்.

தெரிந்துதான் இருந்தது. வீடியோவில் எல்லாம் பார்த்தவர். ஆனால் உடம்பு வீடியோ பார்க்கவில்லையே. என்னுடைய உடம்பும் அப்படித்தான். இவ்வளவு வருசமும் ஒவ்வொரு வளைவிலும் இவர் சரிய நானும் கூடச் சரிந்தே பழகினது. அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. இந்த வண்டியில் வளைவுக்குள் போனால் உடம்பை வெளிப்பக்கம் தூக்கி எறிகிறது. நான் ஒரு பக்கம் சரிய, வண்டி என்னை மற்றப் பக்கம் தள்ள, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவள்போலப் போனேன். ஒவ்வொரு குழியும் நாரியில், அந்தச் சரியில்லாத முதுகின் அடியில், வந்து இடித்தது. திரும்பி வந்து இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் மற்ற வண்டியை ஸ்ராற் பண்ணுகிற திறப்பைத் தந்தார்.

அதில் ஏறினோம். வளைவு அதே வளைவுதான். ஆனால் குழி எனக்குக் கீழே எங்கேயோ நடந்து முடிந்தது, என்னிடம் வரவில்லை.

திரும்பிக் காரில் வரும்போது இவர் சொன்னார், "வித்துப்போடுவம்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன்?"

"அது மோட்டச்சைக்கிள் இல்லை."

அந்த நேரம் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. காரணம் கேட்டால் களைப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் இவர் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தார். காரில் நாங்கள் எப்போதும் கதைப்பதில்லை.

இரண்டொரு கிழமையில் இணையத்தில் படம் போட்டார். பலபேர் எழுதிக் கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரம்ரனிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது மதிக்கலாம், மரியாதையான மனிதர். இவர் கராஜ் கதவைத் தூக்கி, போர்வையைக் கழற்றி, ஒவ்வொன்றாய்க் காட்டினார். எண்ணெய் எப்போது மாற்றினது, காலமைக் குளிரில் எப்படி ஸ்ராற் பண்ண வேண்டும், எந்தப் பெட்டியின் பூட்டு கொஞ்சம் இறுக்கம். அந்த மாரி முழுக்க என்னோடு கதைத்ததைவிடக் கூடுதலாக அந்த மனிதரோடு கதைத்தார். வந்தவர் ஏறி இருந்து இஞ்சினைப் போட்டதும், "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு இவர் வீட்டுக்குள்ளே போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. நான் போய்ப் பார்த்தால், மேலே கட்டிலில், சப்பாத்தோடு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"உடம்புக்கு ஏலாமல் கிடக்கோ?"

"இல்லை. நீர் போய்க் கதையும். என்ன விலை சொன்னாலும் குடும்."

நான் கீழே இறங்கினேன். படி இறங்குகிற அவ்வளவு நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மாரி முழுக்க இவருடைய முடிவுக்குப் பொறுமையாக இருந்துவிட்டு, கடைசியில் அதை என் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சரி, தந்தால் தந்ததுதான்.

கராஜில் நின்ற மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். இவர் மேலே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், இது விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் என்னையும் மோட்டார்சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மனைவி இப்படிச் சொல்லுகிறவளாக இருந்தால் நான் அங்கே படுத்திருக்க மாட்டேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். தூரத்திலிருந்து வந்த மனிதர். ஒரு தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை என்று பிறகு கவலைப்பட்டேன்.

மேலே போய்க் கட்டிலின் விளிம்பில் இருந்தேன்.

"குடுத்தாச்சோ?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"இல்லை. தனித்தனி ஸ்பிறிங் இருக்கிறதைப் பூட்டப்போறம். திங்கக்கிழமை நான் கடைக்குப் போன் அடிக்கிறன்."

இவர் திரும்பினார். "உமக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?"

"பின்சீற்றில இருக்கிறது ஆர்?"

"நீர்."

"புதுச் சில்லு ரெண்டும் எங்க வரப்போகுது?"

இவர் முழங்கையை ஊன்றி என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கீழ. அப்ப நான்தானே சொல்ல வேணும். நீங்கள் முன்சில்லைப் பாருங்கோ."

"வேண்டாம் எண்டாப் பேந்து கழட்ட ஏலாது," என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"தெரியும்," என்றேன்.

எழும்பிச் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றின சப்பாத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கிட்டோடு பின்சீற்றுக்கு வருகிற கைதாங்கி தேவையோ என்று கேட்டார். தேவை என்றேன்.

கடைக்காரர் வேலையை முடித்துத் தந்தது கோடை தொடங்கின பிறகு. கராஜுக்குள் அதை விட்டால், பனி தள்ளுகிற மெசினுக்கு இடமில்லை, கார் வெளியேதான். வரப்போகிற மாரியில் விடியக் கண்ணாடியில் ஐஸ் சுரண்டப்போவது நான்தான் என்று அப்போதே விளங்கியது.

ஸ்காபரோவில் கோயிலுக்குக் கொண்டுபோனோம். புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்கிற தேசிக்காயோடு ஐயர் வழக்கம்போல வெளியே வந்தார். கார் என்று நினைத்து நாலு கொண்டுவந்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, ஒரு தேசிக்காயைத் திரும்ப இடுப்பில் சொருகினார். "இப்பிடி ஒண்டுக்கு நான் இதுவரை செய்யேல்லை. முன்னுக்கு எடுங்கோ, பாப்பம்," என்றார். மூன்றும் நசிந்தன. கோயில் வாசலில் நின்ற ஒரு அன்ரி என்னிடம் வந்து, "தங்கச்சி, உது ஊனமானவைக்கு அரசாங்கம் குடுக்கிறதோ?" என்று மெல்லக் கேட்டார். இவருக்குக் கேட்டிருக்கும். கேளாதவர்போல ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

முதல் மாதம் கஸ்ரமாகத்தான் இருந்தது. இவருக்குத் தோள் நொந்தது. ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே யோசித்து, வேகம் குறைத்து, கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும். யோசிக்கிற ஆள் கதைக்க மாட்டார். காதுக்குள் மூச்சுத்தான். மோட்டார்சைக்கிள்காரர் எதிரே கண்டால் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவது வழக்கம். இவரும் பழக்கத்தில் காட்டினார். சிலர் திருப்பிக் காட்டினார்கள். சிலர் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் இவரும் கையை எடுக்காமல் விட்டுவிட்டார். நான் பின்னாலிருந்து காட்டத் தொடங்கினேன். எனக்கு இப்போது கை சும்மாதானே இருக்கிறது.

ஆவணியில் மனிற்றூலின் தீவுக்குப் போனோம். கப்பலுக்கு வாகனங்கள் வரிசையில் நிற்கிற இடம் சரிவு. முன்பென்றால் அந்தச் சரிவில் இவர் இரண்டு காலையும் ஊன்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். இந்தமுறை பிறேக்கைப் போட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில், "இந்தத் தண்ணியைப் பாத்தனீரோ?" என்றார். அதற்குப் பிறகு தொடர்ந்து கதைத்தார். பென்சன் எடுத்த பிறகு பகலில் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று. நான் வேலைக்குப் போனதும் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கிறாராம். கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவருக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. யாரும் கேட்டால், "மோட்டச்சைக்கிளும் இல்லை, காருமில்லை," என்பார். ஆனால் சனிக்கிழமை காலமை துடைத்து வைப்பார்.

போன மாதம் கிங்ஸ்ரனில் இருக்கிற சின்னவனைப் பார்த்துவிட்டு ஞாயிறு பின்னேரம் ஃபோர்-ஓ-வன் நெடுஞ்சாலையில் திரும்பி வந்தோம். அதற்கு முதல் நாலு நாளும் எனக்குத் தொடர்ந்து வேலை. வெயில் சாய்ந்து முகத்தில் அடித்தது. கைதாங்கியில் இரண்டு கையையும் வைத்து, முதுகைச் சாய்த்தேன். கண் தானாக மூடிக்கொண்டது. இரண்டு சில்லு வண்டியில் பின்னுக்கு இருக்கிறவள் நித்திரை கொள்ள முடியாது, விழுந்துவிடுவாள். அதனால் எனக்கு அந்த எண்ணமே வந்ததில்லை.

கண் முழித்தபோது பெரிய சத்தம். தலைக்கு மேலால், தொடக்கூடிய உயரத்தில், ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறேன் என்று விளங்கவில்லை. மல்வேர்னுக்கு இறங்குகிற எக்ஸிற் எப்போதோ போய்விட்டது. ஸ்காபரோ போய், நகரத்தின் முழு நீளமும் போய், விமான நிலையத்தடியில் வாகனங்களுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"என்ன, வழி தவறிட்டுதோ?"

"இல்லை. நீர் நித்திரை கொண்டனீர்."

"அதுக்கு?"

"இறங்கினா லைற்றுக்கு லைற்று நிப்பாட்ட வேணும். முழிச்சிடுவீர் எண்டு நேர வந்திட்டன்."

கழுத்து நொந்தது. நாளைக்குக் காலமை வேலை என்று சொன்னேன். தெரியும் என்றார். அடுத்த எக்ஸிற்றில் திருப்புவம் என்றார்.

"திருப்பினாப் பிறகும் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டிருக்கட்டே?" என்று கேட்டேன்.

"ஓம், இரும்," என்றார். "அந்தப் பக்கமும் ட்ராஃபிக்தான். ஆறுதலாத்தான் போகும்."